வழுவமைதியும் வழக்கும்

1977இல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ மதுக்கடையில் உட்கார்ந்து தன் கப்பலைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறான். கெஸ்ஸல் ஓட்டத்தைப் பன்னிரண்டு பார்செக்கிற்குள் முடித்த கப்பலாம் அது. பார்செக் என்பது தூரத்தின் அளவு, ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு. சென்னையிலிருந்து மதுரைக்கு நானூற்றைம்பது கிலோமீட்டரில் போய்ச் சேர்ந்தேன் என்று ஒருவன் மார்தட்டினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது அவன் பேச்சு.

வானியல் அறிந்த ரசிகர்களுக்கு இது உறுத்தியது. உறுத்தியதை அவர்கள் சிரித்துக் கடந்துவிடவில்லை. கெஸ்ஸல் பாதை கருந்துளைக் கூட்டம் ஒன்றைச் சுற்றிப் போகிறது. மற்றவர்கள் அஞ்சி விலகிப் போவார்கள், சோலோ துணிந்து ஒட்டிப் போனான், ஆகவே தூரம் குறைந்தது என்று ஒரு விளக்கம் உருவாகி நாவல்களிலும் ஏறியது. 2018இல் வந்த ‘சோலோ’ படம் அந்த ஓட்டத்தையே நீண்ட சாகசக் காட்சியாக எடுத்துக் காட்டியது. ஒரு வசனத்தின் பிழை நாற்பது ஆண்டுகளில் ஒரு நிலப்படமாக வளர்ந்துவிட்டது.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஓர் இடம் உண்டு. விதிப்படி பிழையானதை ஏதேனும் ஒரு காரணம் காட்டி ஏற்றுக்கொள்வதை வழுவமைதி என்கிறோம். பசுவைப் பாசத்தால் ‘அம்மா வந்தாள்’ என்று சொன்னால் அது திணை மயங்கிய பிழை; ஆனால் உவப்பு அதைப் பொறுத்துக்கொள்ள வைக்கிறது. அறிவியல் புனைவு, சூப்பர்ஹீரோ படங்கள், தொடர்கள் பற்றிய ரசிகர் விவாதத்தின் ஆகச் சிறந்த பகுதி இந்த வழுவமைதி காணும் கலைதான். அதன் ஆக மோசமான பகுதியும் இதே வேரிலிருந்து கிளைத்தது. கதையின் ஓட்டையைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளும் ரசிகர் உரையாசிரியராகிறார். அதே ஓட்டையைத் தனக்கு இழைத்த அநீதியாக எடுத்துக்கொள்பவர் வழக்காடி ஆகிறார். இந்த இரண்டையும் ஒரே தராசில் போட்டு ‘ரசிகர் சக்தி’ என்று கொண்டாடுவதும் ‘ரசிகர் வெறி’ என்று ஒதுக்குவதும் ஒன்றுபோலவே சோம்பேறித்தனம்.

இந்தப் பேச்சுக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926இல் தொடங்கிய ‘அமேஸிங் ஸ்டோரீஸ்’ என்ற அறிவியல் புனைவு இதழ் வாசகர் கடிதங்களை எழுதியவரின் முகவரியோடு அச்சிட்டது. விளைவு, வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளத் தொடங்கினார்கள். சங்கங்கள் பிறந்தன, கையெழுத்துப் பிரதிகள் போன்ற சிற்றிதழ்கள் சுற்றுக்கு வந்தன. க்ளீவ்லாந்தில் ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு பள்ளி மாணவர்கள் அப்படி ஒரு சிற்றிதழை நடத்தினார்கள். 1933இல் அதில் ‘சூப்பர்மேன்’ என்ற பெயரில் ஒரு வில்லனை உலவவிட்டார்கள். ஐந்தாண்டு கழித்து அதே பெயரில் அவர்கள் படைத்த நாயகன் காமிக்ஸ் உலகையே புரட்டிப்போட்டான். சூப்பர்ஹீரோ பிறந்து பிறகு ரசிகர் வந்தார் என்று நினைக்கிறோம், நடந்தது தலைகீழ்.

தொலைக்காட்சிக்கு இந்த மரபைக் கொண்டுவந்தது ‘ஸ்டார் ட்ரெக்’. 1966இல் தொடங்கிய தொடர், பார்வையாளர் எண்ணிக்கை போதாமல் இரண்டாம் பருவத்திலேயே நிறுத்தப்படும் நிலைக்கு வந்தபோது, ரசிகர்களான ட்ரிம்பிள் தம்பதியர் முன்னின்று கடித இயக்கம் நடத்தினார்கள். கடிதங்கள் குவிந்ததில், தொடர் தொடரும் என்று 1968 மார்ச் மாதம் என்பிசி நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனால் கிடைத்தது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. வீட்டிலிருந்து தொடர் பார்க்கவேண்டிய இளைஞர்கள் வெளியே சுற்றும் நேரம் அது. 1969இல் தொடர் நின்றுபோனது. இருந்தாலும் இயக்கம் தோற்றதாகச் சொல்ல முடியாது. மூன்றாம் பருவம் கிடைத்ததால் மறுஒளிபரப்புக்குப் போதுமான அளவு அத்தியாயங்கள் சேர்ந்தன. 1970களில் அந்த மறுஒளிபரப்பில்தான் ‘ஸ்டார் ட்ரெக்’ உண்மையில் பிரபலமானது.

கடிதம் எழுதிக் காப்பாற்றியதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ரசிகர்களின் வாசிப்பு. மார்வெல் இதழ்களில் வாசகர்கள் கதைப் பிழைகளைச் சுட்டி எழுதியபோது ஸ்டான் லீ ஒரு தந்திரம் செய்தார். ‘நோ-ப்ரைஸ்’ என்று ஒரு பரிசை அறிவித்தார். பெயருக்கேற்ப, பரிசு ஒன்றுமில்லை. பின்னர் உள்ளே எதுவும் இல்லாத உறை ஒன்று அஞ்சலில் வரும். நாளடைவில் அந்த வெற்று உறையைப் பெறப் பிழையைச் சுட்டினால் மட்டும் போதாது, அது ஏன் பிழையாகாது என்பதையும் வாசகரே விளக்கிக்காட்ட வேண்டும் என்றாயிற்று. குறை சொல்லும் வாயைக் கதை கட்டும் கையாக மாற்றிய ஏற்பாடு இது. காசு செலவில்லாமல் ஒரு தலைமுறைக்கே விமர்சனப் பயிற்சி கிடைத்தது.

அந்தப் பயிற்சி எவ்வளவு ஆழம் போகும் என்பதற்கு க்வென் ஸ்டேசியின் மரணம் சான்று. 1973இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ இதழில் வில்லன் அவளைப் பாலத்திலிருந்து தள்ளுகிறான். நாயகன் வீசிய வலை அவள் காலைப் பற்றுகிறது. மேலே இழுத்தபோது அவள் உயிருடன் இல்லை. கொன்றது வீழ்ச்சியா, சட்டென்று நிறுத்திய வலையா? வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். திடீர் நிறுத்தத்தின் அதிர்ச்சிதான் காரணம் என்று கடிதப் பகுதியில் ஆசிரியர் தரப்பு ஒப்புக்கொண்டது. பின்னாளில் மினசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் கக்காலியோஸ் தன் நூலில் உந்தத்தையும் விசையையும் கணக்கிட்டு அதையே உறுதிசெய்தார். இங்கே இயற்பியல் கேள்வி அறக்கேள்வியாகிவிடுகிறது: காப்பாற்ற நீண்ட கையே கொன்றிருக்கிறது. ரசிகர்களின் துருவல் இல்லாமல் இந்தத் துயரத்தின் முழு எடை வெளிப்பட்டிருக்காது.

பாதுகாப்பதிலும் ரசிகர்களுக்குப் பங்கு உண்டு. 1963இல் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் ஒளிநாடாக்களைப் பிபிசி அழித்து மறுபயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டதில், 1960களின் அத்தியாயங்கள் பல படமாக இன்று இல்லை. ஆனால் அவை எல்லாவற்றின் ஒலியும் இருக்கிறது. திரும்பக் கேட்கவும் பேசவும் ஆசைப்பட்ட சிலர் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பிடித்துவைத்தது அது. 1989இல் நின்ற அந்தத் தொடரை 2005இல் மீட்டெடுத்த ரஸ்ஸல் டி. டேவிஸ் சிறுவயது முதல் அதன் ரசிகர். பின்னர் டாக்டராக நடித்த பீட்டர் கபால்டி, பள்ளி மாணவராக 1974இல் அதைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்.

கண்டிப்பான விமர்சனமும் உள்ளிருந்தே வந்திருக்கிறது. 1994இல் ஒரு ‘க்ரீன் லேன்டர்ன்’ இதழில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்திருந்தார்கள். இதை மனத்தில் வைத்து 1999இல் கெயில் சிமோன் என்ற ரசிகை, காமிக்ஸ்களில் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, ஆற்றல் பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியலைத் தொகுத்தார். நாயகனுக்குக் கோபம் வரவழைக்கவே பெண்கள் சாகிறார்கள் என்பதை அந்தப் பட்டியல் வாதம் செய்யாமலே நிறுவியது. ஆயிரக்கணக்கான இதழ்களை நினைவில் வைத்திருக்கும் ஒருவரால்தான் அப்படிப்பட்ட பட்டியலைப் போட முடியும். அவரே பிறகு ‘வொண்டர் உமன்’ கதைகளை எழுதினார்.

இனி மறுபக்கம். முதல் குறை வசையோ வம்போ அல்ல. வழுவமைதியின் உள்ளேயே இருப்பது. பார்செக் விளக்கத்துக்குத் திரும்புவோம். சோலோ சொன்னது ஆளை அசத்தச் சொல்லும் அபத்தம் என்றும், கேட்பவர் அதைப் புரிந்துகொள்கிறார் என்றும் முதல் படத்தின் திரைக்கதையிலேயே குறிப்பு இருக்கிறது. அவன் ஒரு சவடால் பேர்வழி. அந்த ஒரே வரியில் அவன் யாரென்று தெரிந்துவிடுகிறது. கருந்துளை விளக்கம் அந்தப் பொய்யை உண்மையாக்கிவிட்டது. வானியல் சரியானது, பாத்திரம் மங்கியது. முல்லைப்பாட்டின் அடிகளை முன்பின்னாகப் பிணைத்துப் பொருள்கண்ட நச்சினார்க்கினியரை மறைமலையடிகள் குறைகூறியது இத்தகைய காரணத்துக்காகத்தான்: உரையாசிரியரின் புலமை நிற்கிறது, பாட்டின் ஓட்டம் போய்விடுகிறது. க்வென் ஸ்டேசி விளக்கம் பாத்திரத்தை ஆழப்படுத்துகிறது, கெஸ்ஸல் விளக்கம் பாத்திரத்தைத் தட்டையாக்குகிறது. ரசிகர் விவாதம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஓட்டை அடைபட்டால் போதும் என்று நிறைவடைந்துவிடுகிறது.

இரண்டாவது குறை ஊகம். 2021இல் வாரம் ஒன்றாக வெளிவந்த ‘வாண்டாவிஷன்’ தொடர், துணைவனை இழந்த ஒரு பெண் தன் துக்கத்திலிருந்து தப்பப் பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களின் சாயலில் ஒரு பொய்க் குடும்பத்தைக் கட்டிக்கொள்வது பற்றியது. ரசிகர் பேச்சில் பெரும்பகுதி, பின்னணியில் மெஃபிஸ்டோ என்ற சாத்தான் ஒளிந்திருக்கிறானா என்பதிலேயே போனது. பூச்சியில்கூடத் துப்புத் தேடினார்கள். அவன் வரவே இல்லை. பலர் ஏமாந்தார்கள், ஏமாற்றத்தைத் தொடரின் குறையாக எழுதினார்கள். ஆனால் துக்கத்துக்கு வெளியே ஒரு வில்லனைத் தேடியதுதான் தவறான வாசிப்பு. தொடரின் கருவே, இந்தத் தீங்குக்கு அவள்தான் காரணம் என்பது.

இதில் பழி முழுவதும் ரசிகர்களுக்கல்ல. ஏறக்குறைய ஒவ்வொரு படத்தின் முடிவிலும் அடுத்த படத்துக்கான துண்டுக் காட்சியை வைத்து, பார்வையாளரைத் துப்பறிவாளராகப் பழக்கியது மார்வெல் நிறுவனம். உரிமை உணர்வையும் நிறுவனங்களே விற்றிருக்கின்றன. 1988இல் பேட்மேனின் துணைவன் இரண்டாவது ராபின் சாவதா பிழைப்பதா என்பதைக் கட்டணத் தொலைபேசி வாக்கெடுப்புக்கு விட்டார்கள். கொல் என்று 5,343 அழைப்புகள், விடு என்று 5,271. 72 வாக்கு வித்தியாசத்தில் ராபின் செத்தான். காசு கொடுத்தால் கதையின் விதியை எழுதலாம் என்று கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு ரசிகர்கள் அதட்டுகிறார்கள் என்று வருந்துவதில் நியாயம் குறைவு.

அந்த அதட்டல்தான் மூன்றாவது குறை, எல்லோருக்கும் தெரிந்தது. 2017இல் வந்த ‘தி லாஸ்ட் ஜெடாய்’ படத்தில் லூக் ஸ்கைவாக்கர் தோல்வியால் கசந்த முதியவராக வந்ததும், நாயகி ரேயின் பெற்றோர் பெயரற்ற எவரோ என்று சொன்னதும் பெரும் பூசலைக் கிளப்பின. பூசலில் வாதங்களும் இருந்தன. ஆனால் அந்தப் படத்தில் நடித்த கெல்லி மேரி ட்ரானுக்கு வந்தவை வாதங்கள் அல்ல. இனவெறியும் பெண்வெறுப்பும் கலந்த வசைகளுக்குப் பின் 2018இல் அவர் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளை நீக்கினார். எழுதப்பட்ட பாத்திரத்தின் மீது கோபம் என்றால் எழுதியவரிடம் கேட்கலாம். நடித்தவரின் முகத்தின் மீது காறி உமிழ்வது எந்த விமர்சனத்திலும் சேராது. அந்த ஆண்டு ஆய்வாளர் மார்ட்டன் பே இயக்குநரை நோக்கிய ட்வீட்டுகளை ஆராய்ந்து, எதிர்ப்பில் பாதி அளவு அரசியல் நோக்கத்தோடோ, தானியங்கிக் கணக்குகளாலோ, வம்பர்களாலோ வந்ததாக இருக்கலாம் என்றார். அப்படியானால் உண்மை ரசிகர் கூட்டத்தின் குற்றம் குறைகிறது. ஆனால் தன் கூரையின் கீழ் யார் கத்துகிறார்கள் என்று கவனிக்காத குற்றம் அதற்கு இருக்கத்தான் செய்கிறது.

நியாயமாக எடைபோடுவது கடினமான நிகழ்வு ‘ஜஸ்டிஸ் லீக்’. மகளை இழந்த துயரத்தில் ஜாக் ஸ்னைடர் விலக, வேறொருவர் முடித்த படம் 2017இல் இரண்டு மணி நேர ஒட்டுப்போட்ட துணியாக வந்தது. ஸ்னைடரின் வடிவத்தைக் கேட்டு ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் இயக்கம் நடத்தினார்கள். தற்கொலைத் தடுப்புக்கு அவர்கள் நிதி திரட்டியதும், இயக்கத்தின் பெயரால் சிலர் நிறுவன அதிகாரிகளை வதைத்ததும் ஒரே காலத்தில் நடந்தவை. 2021இல் வந்த 242 நிமிடப் படத்தில் முன்பு வெட்டப்பட்ட சைபோர்க்கின் கதை உயிர்பெற்றிருந்தது. கலை அடிப்படையில் கோரிக்கை சரியென்று நிரூபணமானது. ஆனால் வெற்றிக்குப் பின் வந்தது படத்தைப் பற்றிய பேச்சு அல்ல, அடுத்த கோரிக்கை. தொடர்ச்சிகள் வேண்டும், அந்த உலகமே திரும்ப வேண்டும் என்றார்கள். போராடிப் பெற்ற படத்தைப் படிக்க அவர்களுக்கு நேரமில்லாமல் போயிற்று.

ஆகவே என் தீர்ப்பு, ரசிகர் விவாதத்தை அது வென்றெடுத்தவற்றால் அளக்கக்கூடாது என்பது. மீட்ட தொடர்களும் வெளிவரச் செய்த வடிவங்களும் வரலாற்றில் இருக்கட்டும். அதன் தனிச் சிறப்பு, தொழில்முறை விமர்சகருக்கு வாய்க்காத நெருக்கமான, நீண்டகால, கூட்டு வாசிப்பு. அந்த வாசிப்பு சரிபார்ப்பாகச் சுருங்கும்போதும் ஆணையாக வீங்கும்போதும் கெடுகிறது.

இதை அவர்களுக்கு வெளியாள் யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. சான்று அவர்களிடமே இருக்கிறது. 1982இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி ராத் ஆஃப் கான்’ படத்தில் வில்லன் கான், கப்பல் ஊழியன் செக்காவைக் கண்டதும் அடையாளம் கண்டுகொள்கிறான். கான் முன்பு வந்த 1967ஆம் ஆண்டு அத்தியாயத்தில் செக்காவ் கிடையாது. செக்காவாக நடித்தவர் அடுத்த பருவத்தில்தான் தொடரில் சேர்ந்தார். இதைவிட வெளிப்படையான கன்டினியூட்டி பிழை இருக்க முடியாது. ரசிகர்கள் அன்றே கண்டுபிடித்தார்கள், அப்போது செக்காவ் கப்பலின் கீழ்த்தளத்தில் வேலையாக இருந்திருப்பான் என்று வழுவமைதி சொன்னார்கள், சிரித்தார்கள். ‘ஸ்டார் ட்ரெக்’ படங்களிலேயே சிறந்தது எது என்று கேட்டால் அவர்களில் பலர் இன்றும் காட்டுவது அந்தப் படத்தைத்தான். முதுமையும் நட்பும் இழப்பும் அதில் இருப்பதால் பிழை பொருட்டாகவில்லை. பிழையில்லாத படம் வேறு, நல்ல படம் வேறு என்று அவர்கள் நெஞ்சறிந்த உண்மையை வாதத்திலும் ஒப்புக்கொண்டால் ரசிகர் விவாதம் முழுமையான திறனாய்வாகும்.