கதவு விளையாட்டும் தீர்வை பாக்கியும்

இளம் எழுத்தாளர்களுக்கான பயிலரங்குகளில் தவறாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: உன் மண்ணை எழுது, பிள்ளைப் பருவத்துக்குத் திரும்பு. விருதுகளும் இதற்கு வலுச் சேர்க்கின்றன. கரிசல் காட்டிலிருந்து மட்டும் கு.அழகிரிசாமி (1970), கி.ராஜநாராயணன் (1991), மேலாண்மை பொன்னுச்சாமி (2008), பூமணி (2014), சோ.தர்மன் (2019) எனச் சாகித்திய அகாதெமி விருதாளர்கள் வந்தபடி இருக்கிறார்கள். பிறந்த ஊரே வற்றாத ஊற்று என்போர் இந்தப் பட்டியலைத்தான் முன்வைக்கிறார்கள். பட்டியல் சரி. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு தவறு.

மண்ணெழுத்தால் தமிழுக்கு வந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆர்.சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) கொங்குப் பேச்சுக்கு நாவலில் இடம் கொடுத்தது. கி.ரா. அகராதியாகத் தொகுத்திராவிட்டால் கரிசல் சொற்கள் பல தடமில்லாமல் போயிருக்கும்.

ஆனால் இன்று 'மண்' என்ற பெயரில் வருபவற்றில் பெரும்பகுதி விடுமுறை நினைவுகள். கண்மாய்க் குளியல், புளியமரத்து நிழல், பாட்டி சுட்ட பணியாரம். எழுதுபவருக்கு நாற்பது வயது, பார்வைக்குப் பத்து வயது. அந்த முப்பது ஆண்டுகளில் அவர் அறிந்துகொண்ட எதுவும் கதைக்குள் வருவதில்லை.

கி.ரா.வின் 'கதவு' கதையிலும் குழந்தைகள் கதவில் தொற்றிக்கொண்டு ஆடி விளையாடுகிறார்கள். ஆனால் தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவு போன வீட்டுக்குள் குளிர் புகுகிறது. விவசாயிகள் போராட்டத்தில் பங்கெடுத்த ஒருவருக்குத்தான் அந்த விளையாட்டையும் வரியையும் ஒரே இடத்தில் வைக்கத் தெரியும். பின்வந்தவர்கள் விளையாட்டை எடுத்துக்கொண்டார்கள், பாக்கியை விட்டுவிட்டார்கள்.

கிணற்றையே எடுத்துக்கொள்ளலாம். நினைவுக் கட்டுரைகளில் அது குதித்து நீந்தும் இடம். அது யாருடைய கிணறு, யார் இறங்கக் கூடாது என்பதெல்லாம் பத்து வயதில் தெரியாது என்பார்கள். இறங்க அனுமதி இருந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் தெரியாது. விரட்டப்பட்ட பிள்ளைக்கு அன்றே தெரிந்திருக்கும். ஆகவே 'கள்ளமற்ற பிள்ளைப் பருவம்' என்பது பல வேளைகளில் ஒரு சாதியின், ஒரு வர்க்கத்தின் சொத்து. பாமாவின் 'கருக்கு' (1992) இதை நேராகச் சந்திக்கிறது. தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப் போவதைச் சிறுமி வேடிக்கையாகப் பார்க்கிறாள். அதன் காரணத்தை அண்ணன் சொன்ன பிறகு அந்தக் காட்சி முன்போல் இருப்பதில்லை. இன்றைய மண்ணெழுத்தாளர்கள் பலர் அண்ணன் பேசத் தொடங்கும் முன்பே கதையை முடித்துவிடுகிறார்கள்.

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளை விடியுமுன் எழுப்பி வண்டியேற்றித் தீப்பெட்டி ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்கும் அது பிள்ளைப் பருவம்தான். பூமணி அதை 'கருவேலம்பூக்கள்' என்ற படமாகவே எடுத்தார். கரிசலைப் பாடும் நினைவுக் குறிப்புகளில் அந்த வண்டிச் சத்தம் கேட்பதே அரிது.

இயற்கையைப் பாடுவது சங்க மரபு என்று ஒரு சமாதானமும் சொல்லப்படுகிறது. அந்த மரபில் மலையும் கடலும் உரிப்பொருளுக்காக வந்தவை, சொந்த ஊர் ஏக்கத்துக்காக அல்ல. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கிய கபிலரை மரபு மதுரை பக்கத்துத் திருவாதவூர்க்காரர் என்கிறது. பிறந்த மண் அவருக்கு வேலியாக இருக்கவில்லை.

விருது பெற்ற பூமணியின் 'அஞ்ஞாடி' நாவலே இந்த அறிவுரைக்கு எதிரான சாட்சி. அதில் வரும் 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் பூமணி பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்து முடிந்தவை. பழைய ஆவணங்களைத் தேடிப் படித்துத்தான் தன் சொந்த வட்டாரத்தை அவரால் எழுத முடிந்தது. கண்மாய்க் கரைக்கு மாணவர்களை அழைத்துப் போகும் பயிலரங்குகள், அதன் மடை திறந்தபோது யார் வயலுக்கு முதலில் தண்ணீர் பாய்ந்தது, யார் கடைசியில் காத்து நின்றார் என்று ஊருக்குள் போய் விசாரித்து வரவும் அவர்களை அனுப்ப வேண்டும்.