சேரி ஓட்டும் ஊர்க் கணக்கும்

இடைத்தேர்தல் முடிந்த மறுநாள் தமிழில் ஒரே ஒரு கட்டுரைதான் வெளிவருகிறது. எழுதுகிறவர் பெயர் மாறும், தொகுதி மாறும், கட்டுரை மாறாது. 'கிராமத்து மக்களின் நாடித்துடிப்பு இதுதான், வரப்போகும் பொதுத்தேர்தலுக்கு இது முன்னோட்டம்' என்று தொடங்கும். அப்புறம் சாதிக் கணக்கு: இன்ன சாதி இத்தனை சதவீதம், இன்ன தலைவர் கைகாட்டினால் இத்தனை ஆயிரம், மிச்சம் 'தலித் வாக்கு வங்கி'. முடிவில் பணம், பிரியாணி, குவார்ட்டர். இந்த எழுத்தை ஓர் இலக்கிய வகையாகவே எடுத்துவைத்து விமர்சிக்க வேண்டியிருக்கிறது. நாவல் வாசிக்காத அமைச்சரும் அதிகாரியும் இதை வாசிக்கிறார்கள். கிராமம் என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் நடத்துவது இதுதான்.

முதலில் இந்த முன்னோட்டச் சங்கதி. 2005 மே மாதம் காஞ்சிபுரம், கும்மிடிப்பூண்டி இரண்டையும் அ.தி.மு.க. ஜெயித்தது. 2006இல் ஆட்சி போனது. 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் தி.மு.க., ஆகஸ்டில் ஐந்து தொகுதிகளிலும் தி.மு.க. அணி (அ.தி.மு.க. புறக்கணித்த தேர்தல் அது), 2010இல் பென்னாகரத்திலும் தி.மு.க.; அங்கே அ.தி.மு.க.வுக்கு டெபாசிட்டே போனது. 2011இல் அதே தி.மு.க. 23 இடத்தில் வந்து நின்றது. 2019 அக்டோபரில் விக்கிரவாண்டியும் நாங்குநேரியும் அ.தி.மு.க.வுக்கு, 2021இல் ஆட்சி தி.மு.க.வுக்கு. 1973இல் திண்டுக்கல் சொன்னது 1977இல் பலித்ததே என்பார்கள். பலித்ததுதான். பலித்த ஒன்றைக் காட்டிப் பலிக்காத நாலை மறைப்பது ஜோசியக்காரன் பிழைப்பு, அதற்கு அரசியல் விஞ்ஞானம் என்று பேர் வைக்க வேண்டியதில்லை.

ஆனால் கணிப்பு பொய்த்துவிட்டது என்று கேலி பேசுவதல்ல என் நோக்கம். பொய்த்ததும் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம். 'கிராமத்தானைக் கணிக்க முடியாது, காசு எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் சாஞ்சிடுவான்.' தன் கணக்கு தப்பினால் அதற்கும் குற்றவாளி ஓட்டுப் போட்டவன்தான்.

1980ஐப் பாருங்கள். ஜனவரியில் மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டின் 39 இடங்களில் எம்.ஜி.ஆர். கட்சிக்கு இரண்டே இரண்டு, கோபிச்செட்டிப்பாளையமும் சிவகாசியும். மீதி 37 இந்திரா காங்கிரஸ் - தி.மு.க. கூட்டணிக்கு. மக்கள் கைவிட்டார்கள் என்று சொல்லிப் பிப்ரவரியில் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது; அ.தி.மு.க. தனியாகவே 129. நாலே மாதம், அதே சனங்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய 'இமேஜ் ட்ராப்' எம்.ஜி.ஆர். பற்றிய முக்கியமான நூல். ஏழையிடம் பிடுங்கிய ஆட்சி ஏழையின் ஆதரவோடேயே நின்றது எப்படி என்ற கேள்வியை அவரைப் போல யாரும் கறாராகக் கேட்டதில்லை. திரையில் உருவான பிம்பம் என்பது அவருடைய பதில். ஆனால் பிம்பம் ஒரு பொறி என்றால் ஜனவரியில் அந்தப் பொறியிலிருந்து எப்படி வெளியே வந்தார்கள்? மே மாதம் ஏன் திரும்பப் போய் விழுந்தார்கள்? நடுவில் ஒன்று நடந்தது. இடஒதுக்கீட்டுக்கு 1979இல் கொண்டுவந்த 9,000 ரூபாய் வருமான வரம்பை எம்.ஜி.ஆர். தோல்விக்குப் பிறகு ரத்து செய்தார்; பிற்பட்டோர் ஒதுக்கீட்டை 31இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார். (நம்முடைய 18 அப்படியே இருந்தது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.) ஓட்டால் ஒரு கேள்வி கேட்டார்கள், பதில் வந்தது, அதையும் கணக்கில் வைத்து அடுத்த ஓட்டைப் போட்டார்கள். இதைப் புத்தி என்று சொல்ல ஏன் நாக்கு வர மாட்டேன் என்கிறது?

2019இல் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. நிலக்கோட்டை தனித்தொகுதி, ஏப்ரல் 18 அன்று அங்கே மக்களவைக்கும் சட்டமன்ற இடைத்தேர்தலுக்கும் ஒரே சாவடியில் ஓட்டு. அது அடங்கிய திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் தி.மு.க. ஐந்து லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தது. நிலக்கோட்டைச் சட்டமன்றத்துக்கோ அ.தி.மு.க. தருமபுரி மக்களவை தி.மு.க.வுக்கு, அதற்குள் அடங்கிய அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க. ஒரே நாள், ஒரே சாவடி, விரலில் ஒரே மை. டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் போட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு பொத்தானை வேறுவேறு காரணத்துக்காக அழுத்துகிறவரின் இன்றைய ஓட்டை வைத்து, ரெண்டு வருஷம் கழித்து அவர் போடப்போகும் ஓட்டைச் சொல்ல முடியும் என்கிறார்கள்.

எங்கள் பேராவூரணிக்கு வருவோம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாச்சு என்று பேப்பரில் போட்டுவிடுவான். தண்ணி எங்க வாய்க்காலுக்கு எப்ப வரும், வருமா என்பது நடுவில் எத்தனை மதகு, அது யார் கையில் என்பதைப் பொறுத்தது. தேர்தல் கட்டுரையில் இந்தப் பகுதிக்கு ரெண்டு பெயர்தான்: ஒன்று 'டெல்டா விவசாயி', இன்னொன்று 'கள்ளர் பெல்ட்'. இந்த பெல்ட்டின் கதையைக் கேளுங்கள். 1996இல் தி.மு.க.வோடு சேர்ந்து நின்ற த.மா.கா. இங்கே ஜெயித்தது, 2001இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்ற அதே த.மா.கா., அதே வேட்பாளர், மறுபடியும் ஜெயித்தது. 2006இல் மாநிலம் தி.மு.க. பக்கம் போக இந்தத் தொகுதி அ.தி.மு.க. பக்கம் போனது. 2009இல் தஞ்சாவூர் மக்களவைக்கு தி.மு.க., 2011இல் பேராவூரணிக்கு தே.மு.தி.க. 2016இல் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டில் அ.தி.மு.க., 2021இல் தி.மு.க. பெல்ட் என்றால் இறுக்கிப் பிடிக்க வேண்டாமா? ஆயிரத்துக்கும் குறைவு என்றால் ஏதோ ரெண்டு மூணு சேரிகளின் ஓட்டு. அந்தச் சேரிகள் எந்த பெல்ட்டில் வருகின்றன?

'டெல்டா விவசாயி'யும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கத்துத் தென்னையெல்லாம் சாய்த்தது. தென்னைக்கான நிவாரணம் மரத்தை எண்ணி வந்தது. மரம் ஏறினவருக்கும் மட்டை பின்னினவருக்கும் தேங்காய் உரித்தவருக்கும் மரம் கிடையாது. 'விவசாயிகளின் கோபம் தேர்தலில் எதிரொலிக்கும்' என்று எழுதினார்கள். கூலிக்காரரின் கோபம் தனி, அதன் காரணம் தனி, சில சமயம் அது அந்த விவசாயி மேலேயேகூட இருக்கும் என்று எழுதத் தோன்றவில்லை. கிராமம் என்ற சொல்லுக்குள் ஊர் இருக்கிறது, சேரி இல்லை.

உள்ளாட்சித் தேர்தலை வைத்துக் கணிக்கிறவர்களிடம்தான் எனக்குப் பெரிய சண்டை. ஊராட்சித் தலைவர் தேர்தல் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னத்தில் நடப்பதே இல்லை. ஜெயித்தவர் மறுநாள் எந்த அமைச்சருக்குச் சால்வை போடுகிறார் என்று பார்த்து 'ஆதரவாளர்' என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1996, 2001, 2006, 2011 நாலு தடவையும் சட்டமன்றத் தேர்தல் முடிந்த சில மாதத்தில், அக்டோபரில், உள்ளாட்சித் தேர்தல் வந்தது. நாலிலும் ஆளுங்கட்சிக்குத்தான் பெரும்பங்கு. முதல் மூன்று முறையும் அடுத்த சட்டமன்றத் தேர்தலில் அந்த ஆளுங்கட்சி தோற்றது. ரோடும் குழாயும் யார் கையில் இருக்கிறதோ அவருக்கு உள்ளூரில் போடுவது காரியக் கணக்கு. அதை மனமாற்றம் என்று வாசிப்பவர் ஊரில் குடியிருந்து பார்த்ததில்லை.

இதையும் மீறி ஒன்று இருக்கிறது. யார் ஜெயித்தார் என்று கேட்பதற்கு முன்னால் யாரை நிற்க விட்டார்கள் என்று கேட்க வேண்டும். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நாலும் தனி ஊராட்சிகளானதால் 1996இலிருந்து 2006 வரை ஒழுங்காகத் தேர்தல் நடத்தவே விடவில்லை. மனுப் போட ஆள் வராது, வந்தாலும் ஜெயித்த கையோடு ராஜினாமா. மேலவளவில் நின்று ஜெயித்த முருகேசனையும் உடனிருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் வந்தது. அவர் தேர்தலில் முறைப்படி ஜெயித்தவர். பல ஊரில் தலைவர் பதவி ஏலம் போகிறது, 'போட்டியின்றித் தேர்வு' என்று அரசுத் தாளில் ஏறுகிறது. இந்தத் தாள்களைக் கூட்டிப் பெருக்கிக் 'கிராமத்தின் தீர்ப்பு' என்றால், அது கோயில் திடலில் கூடியவர்களின் தீர்ப்பு. அங்கே நமக்கு நிற்க இடமிருந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

'மண்டேலா' (2021) படத்தை நம்ம தோழர்கள் பலர் கொண்டாடினார்கள். நல்ல படம்தான், யோகிபாபு நன்றாகவே செய்திருக்கிறார். முடிவெட்டுகிறவரின் ஒற்றை ஓட்டு ஊரையே அவர் காலடிக்குக் கொண்டுவருகிறது. ஆனால் அந்த ஒற்றை ஓட்டுக்கு விலை வர வேண்டுமானால் வடக்கூரிலும் தெக்கூரிலும் ஒருத்தர்கூடச் சொந்தமாக யோசிக்கக் கூடாது. அத்தனை பேரும் சாதிக்கே போட்டு, கணக்கு சமமாக நிற்க வேண்டும். கட்டுரைக்காரரின் கிராமத்தைத்தான் படமும் அப்படியே எடுத்துக்கொள்கிறது, கேலியோடு.

காசுக்கு ஓட்டு என்ற வசையும் கிராமத்தின் தலையில்தான் விழுகிறது. பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்த தேர்தல்களில் ஒன்று 2016 மே மாதம் தஞ்சாவூர், இன்னொன்று 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே.நகர். ரெண்டும் டவுன். 2021இல் மாநிலத்தில் 72 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள்; சென்னை 60ஐத் தொடவில்லை.

அமெரிக்காவிலும் இதே வியாபாரம் நடக்கிறது. ஜனாதிபதி பதவிக்காலத்தின் நடுவில் காங்கிரஸுக்கு ஒரு தேர்தல். 1994இல் கிளிண்டன் கட்சி தோற்றது, 1996இல் அவரே ஜனாதிபதி. 2010இல் ஒபாமா கட்சி தோற்றது, 2012இல் அவரே ஜனாதிபதி. நடுத்தேர்தலுக்கு வருகிறவர்கள் தொகையே குறைவு. அங்கேயும் 'கிராமத்து வாக்காளர்' என்றால் டிராக்டர் மேல் உட்கார்ந்த வெள்ளைக்காரர் படம்தான். மிசிசிப்பியிலும் ஒரு டெல்டா உண்டு, பருத்தி விளைந்த மண். அலபாமாவில் கறுப்புமண் பிரதேசம். அங்கே கிராமத்தில் பெரும்பான்மை கறுப்பர்கள். 1965 சட்டம் வரும்வரை ஓட்டுச்சாவடிப் பக்கமே விடாமல் வைத்திருந்தார்கள். அவர்கள் 'கிராமத்து வாக்காளர்' கணக்கில் சேர்வதில்லை, 'கறுப்பர் ஓட்டு' என்று தனிப் பத்தி. நமக்கும் தனிப் பத்திதான்.

கணிப்பு வெறும் வேடிக்கை அல்ல என்பதற்குக் காரணம் இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டலுக்கு இடமுள்ள தொகுதிகளில் பல சாவடிகளின் சீட்டைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்தபின் சாவடி வாரியாகத்தான் எண்ணுகிறார்கள், சாவடி வாரியாகத்தான் வெளியிடுகிறார்கள். சேரிப் பள்ளிக்கூடத்துச் சாவடி எந்தப் பக்கம் போனது என்று எண்ணிக்கை மேசையில் உட்கார்ந்த ஏஜெண்டு அன்றைக்கே குறித்துக்கொண்டு போகிறார். தெருவிளக்கு யாருக்கு, குழாய் யாருக்கு, யாரைப் பார்த்து 'ஓட்டு மட்டும் அங்க, வேலைக்கு மட்டும் இங்கயா' என்று கேட்கலாம் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. தங்கள் பலம் எங்கே பலவீனம் எங்கே என்று தெரிய வேண்டும் என்பது கட்சிகளின் வாதம். நிபுணர்களும் அந்தச் சாவடித் தாளை வைத்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். 'தலித் வாக்கு வங்கி' என்ற பத்திக்குச் சரக்கு அதிலிருந்துதான் வருகிறது.