பதினான்கு குழியும் ஐந்து எண்ணும்

பல்லாங்குழிப் பலகையைக் கணினியில் வரைய இரண்டு வழி உண்டு. ஒரு வட்டம் போட்டு, அதைப் பதினான்காக நகலெடுத்து, கண்ணளவில் அடுக்கிச் சுற்றிலும் ஒரு செவ்வகம் கட்டிவிடுவது முதல் வழி. சீக்கிரம் முடியும், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். ஆனால் 24 மில்லிமீட்டர் என்று வாங்கிய தேக்குப் பலகை இழைத்த பிறகு 22 மட்டுமே தேறினால், அந்தப் படம் உதவாது. மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும். எது எதைப் பொறுத்தது என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டு, பிறகு வட்டம் போடுவது இரண்டாவது வழி. பாராமெட்ரிக் டிசைன் என்பது இதைத்தான். பொழுதுபோக்குக்காக, கணினி சொற்படி மரத்தைக் குடையும் சிஎன்சி ரூட்டரில் மரவேலை செய்ய வருகிறவர் மெஷினைத் தொடுமுன் இதைப் பழக வேண்டும் என்பேன்.

நான் பழகியது ஃப்ரீகேடில். 2002 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள் அது. அதில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து ஐந்து எண்களுக்குப் பெயர் வைக்கிறோம். குழியின் விட்டம் 56, குழிகளுக்கு நடுவே சுவர் 8, ஓரம் 20, பலகையின் தடிமன் 24, குழிக்கு அடியில் மிஞ்ச வேண்டிய மரம் 6. மற்ற அளவெல்லாம் இவற்றுக்குப் பிறந்த பிள்ளைகள். ஏழு விட்டமும் ஆறு சுவரும் இரண்டு ஓரமும் சேர்ந்தால் நீளம் 480. இரண்டு விட்டம், ஒரு சுவர், இரண்டு ஓரம் என்றால் அகலம் 160. தடிமனில் அடிமரத்தைக் கழித்தால் ஆழம் 18. குழி என்பது கோளத்தின் ஒரு துண்டு. ஆகவே அதன் வளைவின் ஆரமும் விட்டத்திலிருந்தும் ஆழத்திலிருந்தும் தானாக வந்துவிடும், சுமார் 30.8. இப்போது 24 என்பதை அழித்து 22 என்று எழுதிப் பாருங்கள். ஆழம் 16 ஆகும், வளைவு 32.5க்கு விரியும், பதினான்கு குழிகளும் ஒரே சமயத்தில் மேலெழும்பி நிற்கும். அதைப் பார்க்கும் சந்தோஷம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

எந்த அளவைத் தாயாக வைப்பது, எதைப் பிள்ளையாக வைப்பது என்று முடிவெடுப்பதில்தான் ரசனை இருக்கிறது. குழந்தைக்குச் சின்னப் பலகை வேண்டும் என்று விட்டத்தை 46 ஆக்கினால், நீளம் 410க்குச் சுருங்குகிறது. அது சரி. ஆழம் மட்டும் 18லேயே நிற்கிறது. குழி கிட்டத்தட்ட அரைக்கோளமாகிவிடுகிறது, சுவர் செங்குத்தாகிவிடுகிறது. பல்லாங்குழியில் சோழியை விரல் குவித்து, குழியின் சரிவோடு வழித்து அள்ள வேண்டும். செங்குத்துச் சுவரில் அது நடக்காது. அப்படியானால் ஆழம் தடிமனுக்கு மட்டும் கட்டுப்பட்டால் போதாது, விட்டத்துக்கும் கட்டுப்பட வேண்டும். தடிமனில் ஆறு குறைத்தது, விட்டத்தில் மூன்றில் ஒன்று, இரண்டில் எது சிறிதோ அதுவே ஆழம் என்று சூத்திரத்தை எழுதினால், சின்னப் பலகையிலும் விரல் தாராளமாக இறங்கும். விளையாடுகிறவரின் கையைப் பற்றிய ஒரு முடிவு அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

அளவுகளை உறவுகளால் கட்டிவைக்கும் இந்த எண்ணத்துக்கு வயது அறுபதுக்கு மேல். 1963இல் எம்ஐடியில் ஐவன் சதர்லாண்ட் தன் முனைவர் பட்ட ஆய்வாக ஸ்கெட்ச்பேட் என்ற வரைபட நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் தோராயமாகக் கோடுகள் இழுத்து, இவை இணையாக இருக்கட்டும், இவை செங்குத்தாக இருக்கட்டும் என்று சொன்னால், படம் தன்னைத் திருத்திக்கொள்ளும். எண்களால் இயங்கும் மில்லிங் இயந்திரத்தை அதே எம்ஐடி 1952இலேயே இயக்கிக் காட்டியிருந்தது. இன்று வீட்டு மேசைமேல் இருக்கும் சின்ன ரூட்டர் இந்த இரண்டு மரபுக்கும் வாரிசு.

கணினியே இல்லாமல் இதே வழியில் சிந்தித்தவர்களும் உண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றை விக்கிரகத்தின் உயரத்துக்கு நறுக்கி, பங்கு பங்காக மடித்து, அந்த மடிப்புகளால் முகத்தையும் மார்பையும் அளக்கிறார்கள். உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. விக்கிரகம் ஓரடியானாலும் ஆறடியானாலும் பங்கின் கணக்கு ஒன்றுதான், ஓலையின் நீளம்தான் வேறு.

ஃப்ரீகேடின் ஸ்கெட்சில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. வரைந்த கோடுகள் முதலில் கட்டில்லாமல் கிடக்கும். ஒரு புள்ளியைப் பிடித்து இழுத்தால் உருவமே நெளியும். கன்ஸ்ட்ரெயின்ட் என்ற கட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க, அசைய மிச்சமிருக்கும் வழிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். அது பூஜ்யமானதும் கோடுகள் முழுவதும் பச்சையாகிவிடும். அவசரப்பட்டு எண்களைத் திணித்தும் பச்சையாக்கலாம். சமச்சீர், சமநீளம், தொடுகோடு என்று உறவுகளாலேயே பச்சைக்குக் கொண்டுவந்து, எண்களைக் கடைசியில் ஒன்றிரண்டு மட்டும் கொடுப்பதே அழகு. அப்படி வரைந்த ஸ்கெட்ச்தான் மாற்றங்களைத் தாங்கும்.

மரம் வேறு சங்கதி. உருண்டை முனையுள்ள 6 மில்லிமீட்டர் பிட் குழிக்குள் ஓடும்போது, ஒரு தடத்துக்கும் அடுத்ததற்கும் 1.2 விலக்கம் கொடுத்தால் நடுவில் 0.06 உயரத்துக்கு வரி நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியும், விரலிலும் தட்டும். விலக்கத்தைப் பாதியாக்கினால் வரியின் உயரம் கால்பங்காகும், ஆனால் மெஷின் ஓடும் நேரம் இரட்டிக்கும். ரேகைக்குக் குறுக்காக வெட்டுப்படும் இரண்டு சுவர்களில் நார் பிய்ந்து சொரசொரப்பாக நிற்கும், அங்கே உப்புத்தாளோடு கைதான் போக வேண்டும். தேக்கின் ரேகையோ குழிக்குள் வளைந்து நீள்வட்டங்களாக விழுகிறது. பதினான்கு குழியும் ஒரே சூத்திரத்தில் பிறந்தவை, ஒன்றின் ரேகை இன்னொன்றில் இல்லை. எந்தத் திரையும் இதை முன்கூட்டிக் காட்டியதில்லை.

பிளைவுட் முக்காலி செய்கிறவருக்கு வேறு பாடம். 18 என்று விற்கும் பிளைவுட்டைக் காலிபரில் பிடித்தால் அரை மில்லிமீட்டர் குறையலாம். காடியின் அகலத்தைத் தடிமனுக்குக் கட்டிவைத்தவர் அந்த ஒரே எண்ணை மாற்றிவிட்டுப் போகலாம். சுற்றும் பிட் உள்மூலையைச் சதுரமாக வெட்டாது. மூலையில் சிறு வட்டம் கூடுதலாகக் குடைந்தால்தான் நாக்கு முழுதாக உட்காரும். அந்த வட்டமும் பிட்டின் விட்டத்துக்குப் பிள்ளைதான்.

புதிதாகக் கற்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பழைய ஃப்ரீகேடில், மாடலை மாற்றினால் முகங்களின் பெயர் இடம் மாறி, அவற்றின்மேல் கட்டியதெல்லாம் குலையும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அதைப் பெருமளவு சரிசெய்திருக்கிறது, எனவே அதிலிருந்தோ அதற்குப் பின் வந்த பதிப்பிலிருந்தோ தொடங்குங்கள். நாற்காலி, கட்டில் எல்லாம் பிறகு. முதலில் ஒரு பல்லாங்குழி வரையுங்கள், ஐந்து எண்களையும் கூட்டியும் குறைத்தும் எங்கே உடைகிறது என்று பாருங்கள். உடையாமல் நின்றால் எம்டிஎஃப் பலகையில் ஒரு குழி மட்டும் குடைந்து, விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தேக்கு வாங்கப் போங்கள்.