நீலகிரிக்கும் பழனி மலைக்கும் நடுவே ஒரு விண்கல்

உசிலம்பட்டிக்காரனுக்கு மலை ஒன்றும் புதுசில்லை. ஆனால் உத்தப்பநாயக்கனூர், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் என்று வண்டியை விரட்டி, தாராபுரத்துக் காற்றாலைகளுக்கு நடுவே நின்று தெற்கே திரும்பிப் பழனி மலையைப் பார்த்தேனே, அப்படியே புல்லரித்துவிட்டது!

காரணம், 2017-இல் இந்திய நிலவியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை. பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே, 120 கிலோமீட்டர் அகலத்தில், விண்கல் மோதிய பள்ளம் ஒன்று இருக்கிறது என்று இரண்டு ஆய்வாளர்கள் அதில் அடித்துச் சொல்கிறார்கள். பெயர் காவிரிப் பள்ளம். வயது 55 கோடியிலிருந்து 80 கோடி ஆண்டுக்குள். நீலகிரி, ஆனைமலை, பழனி மலையெல்லாம் அதன் விளிம்பாம்! அப்படியானால் நான் நின்ற சோளக்காடு பள்ளத்தின் உள்ளே. மகாராஷ்டிரத்தின் லோனார் பள்ளம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை, ஊரே கொண்டாடுகிறது.

"ஒரு கல்லுக்கா மாப்ள இம்புட்டுப் பெட்ரோலு?" என்றான் கூட வந்தவன். கல்லா அது! நொடிக்குப் பதினோரு கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் இறங்கி, பாறையை உருக்கிக் குழம்பாக்குகிற சங்கதி.

எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறுதியான விண்கல் பள்ளங்களின் உலகப் பட்டியலில் இது இல்லை. கோண்டுவானா என்ற பழங்காலப் பெருங்கண்டம் ஒட்டிய காலத்துத் தையல்தான் பாலக்காடு - காவிரி மண்டலம் என்பார்கள் பலர். இருக்கட்டுமே, அதுவும் அழகுதான்.

இதைவிடப் பெரிய கதை ஆஸ்திரேலியாவில். பில்பாரா பகுதியின் சிர்கான் மணிகளை ஆராய்ந்த கர்டின் பல்கலைக்கழகத்தின் டிம் ஜான்சன் குழு, அங்கே பாறை மேலிருந்து கீழாக உருகத் தொடங்கியிருக்கிறது, ராட்சத விண்கற்கள் மோதியதால்தான் அந்தக் கண்டத்துண்டே உருவானது என்று 2022-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. அதற்கு முன்பே 2017-இல் கிரெய்க் ஓநீல் குழு கணினி மாதிரிகளை ஓட்டிப் பார்த்து, ஆதிப் பூமியில் ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் கீழே அமிழ்வதைப் பெரும் மோதல்கள் தொடங்கி வைத்திருக்கலாம் என்றது. நாம் நிற்கிற தரைக்கே வானத்திலிருந்து விழுந்த அடிதான் பிள்ளையார் சுழி என்றால், யாருக்குத் தூக்கம் வரும்?

சரி, நம் காவிரிப் பள்ளத்துக்குச் சாட்சி எங்கே தேடுவது? விண்கல் அடித்த இடத்துக் குவார்ட்ஸ் மணிக்குள் நுண்ணிய இணைகோடுகள் விழும். எரிமலையால் அதைப் போட முடியாது. மதுரை, கோவைப் பக்கம் நிலவியல் படிக்கிற பிள்ளைகளே, சுத்தியலோடு தாராபுரம் பக்கம் போங்கள். காவிரிப் பள்ளம் உண்டா இல்லையா என்று நீங்களே முடித்துச் சொல்லுங்கள்!