எறிந்ததும் எடுத்ததும்: லிலியன் பாஸ்மனின் ஒளிப்படங்கள்

கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் படிக்கட்டுபோல எழுதப்படுகின்றன. பிறந்த ஆண்டு, பயிற்சி, முதல் வாய்ப்பு, முதல் கண்காட்சி, விருது, நூல், கடைசியில் முழுவாழ்வையும் தொகுத்துக்காட்டும் பெரிய கண்காட்சி. ஒவ்வொரு படியும் முந்தையதைவிட உயரத்தில் இருக்கும். பெண் கலைஞர்களின் குறிப்புகளில் இந்தப் படிக்கட்டு பல நேரங்களில் நடுவில் அறுந்துபோகிறது. இருபது ஆண்டுகளுக்கு ஒன்றுமே இருக்காது. பிறகு, 'மறக்கப்பட்டிருந்த இவர் மீண்டும் கண்டெடுக்கப்பட்டார்' என்று ஒரு வரி வரும். கண்டெடுத்தவரின் பெயரும் கூடவே வரும்.

அமெரிக்க ஃபேஷன் ஒளிப்படக் கலைஞர் லிலியன் பாஸ்மனைப் (1917–2012) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1940களிலும் 1950களிலும் 'ஹார்பர்ஸ் பஜார்' இதழில் புகழ்பெற்றிருந்தவர், ஒரு கட்டத்தில் தன் நெகட்டிவ்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டார். மீதியைப் பைகளில் போட்டு, நியூயார்க்கிலிருந்த தன் வீட்டில், பழைய நிலக்கரி அறையில் ஒதுக்கிவிட்டார். 1990களின் தொடக்கத்தில் அந்த வீட்டில் தங்க வந்த ஃபேஷன் வரலாற்றாசிரியர் மார்ட்டின் ஹாரிசன் அந்தப் பைகளைக் கண்டார். அதன்பின் கண்காட்சிகள், நூல்கள், புகழ்.

இது நடந்த கதைதான். சொல்வதற்கு அழகான கதையும்கூட. ஆனால் அது யாரை நடுவில் நிறுத்துகிறது என்பதில் எனக்குச் சண்டை இருக்கிறது. அந்தப் பைகளை எடுத்துப் பார்த்தபிறகு என்ன நடந்தது என்பதைப் பார்த்தால், பாஸ்மனின் சாதனை வேறொரு இடத்தில் இருப்பது தெரியும். அதற்கு முதலில் அவருடைய வேலைநாட்களைப் பார்க்க வேண்டும். வேலை என்று சொல்லும்போது சம்பளத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாஸ்மன் புரூக்ளினில், ரஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் துணி வடிவமைப்பு கற்றார். பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அரசுத் திட்டத்தின்கீழ்ச் சுவரோவியம் தீட்டியவர்களுக்கு உதவியாளராக இருந்தார். பிறகு 'ஹார்பர்ஸ் பஜார்' இதழின் கலை இயக்குநர் அலெக்ஸி பிரோடோவிச்சிடம் மாணவியானார். அவருடைய அலுவலகத்தில் ஊதியமில்லாமல் பயிற்சியாளராக வேலை பார்த்தார். வாழ்க்கைக் குறிப்புகள் இந்த இடத்தில் 'மாபெரும் குருவிடம் பயின்றார்' என்று மரியாதையோடு கடந்துபோய்விடும். ஆனால் அடுத்து நடந்ததுதான் முக்கியம். காசு வேண்டியிருந்ததால் பாஸ்மன் அங்கிருந்து கிளம்பி, எலிசபெத் ஆர்டன் அழகுசாதன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் போய்விட்டது பிரோடோவிச்சுக்குப் பொறுக்கவில்லை. திரும்ப அழைத்துச் சம்பளம் கொடுத்தார். பிரோடோவிச்சிடம் சம்பளம் பெற்ற முதல் உதவியாளர் அவர்தான் என்கிறார்கள்.

என் வகுப்பில் ஃபேஷன் டிசைனிங், விஷுவல் கம்யூனிகேஷன் மாணவிகளும் பொதுத்தமிழ் படிக்க வருகிறார்கள். 'இன்டர்ன்ஷிப்' என்ற பெயரில் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைத்துவிட்டு, 'கத்துக்கத்தானே போறோம் மேம்' என்று தங்களைத் தாங்களே சமாதானம் செய்துகொள்கிறவர்கள் அவர்களில் உண்டு. பாஸ்மனின் வாழ்க்கையில் மைல்கல் என்று ஒன்றை நடச் சொன்னால், அவர் எழுந்து வெளியே போன அந்த நாளில்தான் முதல் கல்லை நடுவேன்.

1945இல் இளம்பெண்களுக்காக 'ஜூனியர் பஜார்' என்ற இதழ் தனியாக வந்தபோது, கலை இயக்குநர் என்று பிரோடோவிச்சின் பெயரோடு பாஸ்மனின் பெயரும் அச்சானது. ரிச்சர்ட் அவெடான், ராபர்ட் ஃபிராங்க், லூயி ஃபாரர் ஆகிய இளம் ஒளிப்படக் கலைஞர்களுக்கு அங்கே அவர் வேலை கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க ஒளிப்பட வரலாற்றை இந்தப் பெயர்களைத் தவிர்த்து எழுத முடியாது. பக்கம் வடிவமைத்தவர், படம் தேர்ந்தெடுத்தவர், வாய்ப்புக் கொடுத்தவர் என்ற அளவில் அந்த வரலாற்றில் பாஸ்மனுக்குப் பங்குண்டு. ஆனால் தேர்ந்தெடுக்கும் உழைப்பு, தேர்ந்தெடுக்கப்பட்டவரின் பெயரில்தான் சேர்கிறது. வீட்டில் சமையலுக்கு நடப்பதுபோலத்தான் இதுவும்.

1947இல் அவெடான் பாரிஸுக்குப் போனபோது தன் ஸ்டுடியோவைப் பாஸ்மனுக்கு விட்டுச் சென்றார். அங்கே பாஸ்மன் தானாகவே படமெடுக்கக் கற்றார். அதற்கு முன்பே அவருக்கு இருட்டறைப் பித்து இருந்தது. நெகட்டிவ்விலிருந்து காகிதத்தில் படத்தை உருவாக்கும்போது, இடையில் டிஷ்யூ காகிதம், மெல்லிய வலைத்துணி ஆகியவற்றை வைத்து ஒளியை மங்கச்செய்வார். பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்ற வேதிப்பொருளைப் பஞ்சிலோ தூரிகையிலோ தொட்டுச் சில இடங்களை மட்டும் வெளுக்கவைப்பார். அருங்காட்சியகத்தில் அவர் பார்த்துப் பழகிய எல் கிரெகோவின் நீண்ட, மெலிந்த உருவங்கள் அவருடைய படங்களில் கழுத்தாகவும் கையாகவும் நீண்டன.

1949இல் இதழ் அவரைப் பாரிஸுக்கு அனுப்பியது. உடை கரைந்து வெறும் அசைவாகத் தெரியும்படி அவர் எடுத்ததைப் பார்த்த ஆசிரியர் கார்மல் ஸ்னோ, கலை செய்ய உன்னை இங்கே கூட்டிவரவில்லை, பொத்தானையும் நாடாவையும் காட்டத்தான் கூட்டிவந்தேன் என்ற பொருள்படக் கண்டித்ததாகச் சொல்லப்படுகிறது. ஸ்னோவும் பெண்தான், அதிகாரம் மிக்க பெண். அவரை வில்லியாக்குவது எளிது. இதழின் பிழைப்பு துணி விற்பதில் இருந்தது. விற்பனை தன் கோரிக்கையை அவர் வாய்வழியாகச் சொன்னது. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் 'உன் வேலை இதுதான்' என்று சொல்ல நேரும் இடங்களில், அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பாஸ்மனின் படங்களைப் பார்க்கும்போது நமது கேசாதிபாத வருணனை எனக்கு நினைவுக்கு வருகிறது. கூந்தலில் தொடங்கிப் பாதம்வரை பெண்ணுடலை உறுப்புறுப்பாகச் சொல்லிச் செல்லும் முறை அது. ஒன்றையும் விட்டுவிடாத கணக்கெடுப்பு. ஃபேஷன் படமும் அப்படியொரு கணக்கெடுப்புத்தான்: தொப்பி, காலர், இடுப்பு, கையுறை, காலணி, விலை. பாஸ்மன் இந்தக் கணக்கை முடிக்கவிடுவதில்லை. தொப்பியின் ஒரு வளைவு கறுப்பாக இருக்கும். அதற்குக் கீழே முகம் பாதியோடு நின்றுவிடும். கையுறை அணிந்த கை வெண்மையில் கரைந்துபோகும். பார்க்கிறவர் கண்ணை ஓட்டி முடிக்குமுன் படம் முடிந்துவிடுகிறது.

1950களில் அவர் எடுத்த உள்ளாடை விளம்பரங்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதுவரை அத்தகைய விளம்பரங்களில் உடல், விற்பனைப் பொருளை மாட்டிக்காட்டும் பொம்மையாகவே இருந்தது. பாஸ்மனின் படங்களில் பெண் தனக்குள் எதையோ யோசித்தபடி இருக்கிறாள். முகம் பெரும்பாலும் திரும்பியிருக்கிறது. ஆண் கேமராவோடு நிற்கும்போது மாடல்கள் அவனுக்காக ஏதோ நடிக்க வேண்டியிருக்கிறது, தன் முன்னால் அது தேவைப்படவில்லை என்ற கருத்தைப் பாஸ்மன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தனியாக இருக்கும்போது பெண் எப்படி இருப்பாள் என்பதைப் பெண்களுக்கு விற்கப்படும் பொருளின் விளம்பரத்தில் அவர் நுழைத்துவிட்டார்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் இது புகழுரையாகிவிடும். படத்திலிருப்பவர்கள் யார் என்று பார்ப்போம். வெள்ளையினத்தவர், மிக மெலிந்தவர், பணக்காரர்களின் உணவகத்திலும் விடுதியிலும் உட்கார்ந்திருப்பவர். கழுத்து நீளமாக இல்லாதவளுக்கு இந்தப் படங்களில் இடமில்லை. பார்வையை மென்மையாக்கினார், அளவுகோலை மாற்றவில்லை. பிற்காலத்தில், ஃபேஷன் படத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது: மாடல்கள் நட்சத்திரங்களாகிவிட்டார்கள், சொல்வதைக் கேட்பதில்லை, தாங்களே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பெண்ணுடலுக்கு அந்தரங்கம் கொடுத்த கலைஞருக்கு, அந்த உடலுக்குரிய பெண் வாய்திறந்தது பிடிக்கவில்லை. இந்த முரணை மறைத்துவிட்டு அவரைப் பெண்ணியத்தின் தாயாக்க நான் விரும்பவில்லை. ஸ்டுடியோவில் கேமராவுக்குப் பின்னால் பெண் நின்றாலும் இயக்குகிறவர், இயக்கப்படுகிறவர் என்ற உறவு அப்படியே இருந்தது.

இனி அந்தப் பைகளுக்கு வருகிறேன். 1970 வாக்கில் பாஸ்மன் தன் ஃபேஷன் வேலையின் தடயங்களை அழித்தார். பத்திரிகைகளின் ரசனை மாறியிருந்தது. அவருடைய மங்கலும் கரைவும் பழைய சரக்காகிவிட்டன. அதே பத்தாண்டில், 1978இல், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவெடானின் ஃபேஷன் படங்களுக்குப் பெரிய தனிக்கண்காட்சி நடத்தியது. ஒருகாலத்தில் அவெடானுக்கு வேலை கொடுத்தவரின் நெகட்டிவ்கள் நிலக்கரி அறையில் கிடந்தன. யாரும் சதி செய்யவில்லை. எதைச் சேமிக்கத் தகுந்தது என்று ஒரு சமூகம் சொல்கிறதோ அதையே நாமும் சேமிக்கிறோம், சொல்லாததைக் கிழித்துப்போடுகிறோம். கவிதை எழுதிய நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்ட பெண்கள் உங்களுக்கும் தெரிந்தவர்களாக இருப்பார்கள்.

ஆனால் அந்த எறிதலில் தோல்வி மட்டும் இல்லை. பாஸ்மன் படமெடுப்பதை நிறுத்திவிடவில்லை. பழங்கள், காய்கள், பூக்கள், தெருவில் விழுந்த விரிசல்கள், உடற்பயிற்சியால் முறுக்கேறிய ஆண்களின் உடல்கள் என்று தனக்காக எடுத்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் ஒன்றுமில்லாத ஆண்டுகள் என்று குறிப்புகள் தாண்டிப்போகும் ஆண்டுகள் இவை.

ஹாரிசன் கண்ட நெகட்டிவ்களைப் பாஸ்மன் அப்படியே பிரிண்ட் போட்டுக் கண்காட்சிக்குக் கொடுத்திருக்கலாம். எழுபதைத் தாண்டியவர் அவற்றை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தில் இன்னும் அதிகமாக வெளுத்தார், இன்னும் அதிகமாகக் கறுக்கவைத்தார். பின்னணி போனது, துணியின் விவரம் போனது. கார்மல் ஸ்னோ காட்டச் சொன்ன பொத்தான்களும் நாடாக்களும் வேதிக்கரைசலில் மறைந்தன. ஸ்னோ 1961லேயே இறந்துவிட்டார். பத்திரிகைக்கும் இனி இந்தப் படங்களோடு வழக்கில்லை. மிஞ்சியது ஒரு கோடு, ஒரு சாய்வு, காற்றில் ஒரு கை. இன்று அருங்காட்சியகங்களில் நாம் காணும் 'பாஸ்மன் பாணி' பெரும்பாலும் இந்த இரண்டாவது சுற்றில் உருவானதுதான். அந்தப் படங்களுக்கு இரண்டு தேதிகள் உண்டு: எடுத்த ஆண்டு ஒன்று, உருவாக்கிய ஆண்டு ஒன்று.

ஆகவே 'கண்டெடுக்கப்பட்டார்' என்ற வினையை நான் ஏற்க மறுக்கிறேன். ஹாரிசன் பைகளைக் கண்டார், அதற்கு நன்றி. அவற்றிலிருந்து இன்று நாம் பார்க்கும் படங்களை உண்டாக்கியவர் பாஸ்மன். தன் இளமைக்கால வேலையைப் பிறர் எழுதிய பிரதிபோல எடுத்துவைத்து வாசித்தார். முதலாளிக்காகச் சேர்த்தவற்றை நீக்கினார். தனக்காக வைத்திருந்ததை வைத்துக்கொண்டார். தன்னைத் தானே திருத்திப் பதிப்பித்தவர் அவர்.

அதன்பின் படிகள் மறுபடி வரிசையாக வந்தன. 1996இல் 'நியூயார்க் டைம்ஸ்' இதழுக்காகப் பாரிஸ் ஆடைக் காட்சிகளைப் படமெடுத்தார். 1997இல் அவருடைய படத்தொகுப்பு நூல் வந்தது. 2009இல் 'பெண்கள்' என்ற தலைப்பில் இன்னொரு தொகுப்பு. அதே ஆண்டு ஹாம்பர்க்கின் டைக்டோர்ஹாலன் கலைக்கூடத்தில் அவருக்கும் கணவர் பால் ஹிம்மலுக்கும் சேர்த்துப் பெரிய கண்காட்சி தொடங்கியது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஹிம்மல் இறந்திருந்தார். முதுமையில் இருட்டறையை விட்டுக் கணினிக்கு மாறி, ஃபோட்டோஷாப் கற்றுக்கொண்டு, பாஸ்மன் வெளுப்பதையும் கறுக்கவைப்பதையும் தொடர்ந்தார். 2012 பிப்ரவரியில், 94 வயதில் காலமானார்.

மாணவிகள் பெண் கலைஞர்களைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது விருதுப்பட்டியலை முதலில் நிரப்பிவிடுகிறார்கள். அதை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூடவே, எந்த வேலைக்கு அவளுக்குச் சம்பளம் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை, எந்தப் பக்கத்தில் அவள் பெயர் அச்சானது, எதை அவளே அழித்தாள், அழித்ததில் மிஞ்சியதை என்ன செய்தாள் என்பவற்றையும் தேடி எழுதுங்கள். பட்டியலில் வெற்றாகக் கிடக்கும் ஆண்டுகளுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்மனுடைய வெற்று ஆண்டுகளில் காய்களும் பூக்களும் தெருவின் விரிசல்களும் இருந்தன.