800 கிலோமீட்டர் தள்ளி ஒரு வளவு

ரெவிட்டில் வேலை செய்யத் தொடங்கி ஏழு மாதமாகிறது. அதற்கு முன் எல்லாமே ஓட்டோகேட்தான். இலங்கையின் கிழக்குக் கரையில், அட்டாளைச்சேனையில் என்னிடம் வருவது பெரும்பாலும் வீடு வரையும் வேலை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பது எங்கள் பக்க வழக்கம் என்பதால், 10 பேர்ச், 12 பேர்ச் துண்டுகளில் கதவு, யன்னல், படிக்கட்டு எல்லாம் அங்குலக் கணக்கில் பேசப்படும். ரெவிட்டில் சுவரைச் சுவராகவே எழுப்பி, ஒரு யன்னலை நகர்த்தினால் எல்லாத் தாளிலும் அது தானாக நகர்வதைப் பார்த்த பிறகு பழைய முறைக்குத் திரும்ப எனக்கு மனமில்லை. 2000இல் வெளிவந்து, 2002இல் ஓட்டோடெஸ்க் வாங்கிய இந்த மென்பொருளின் மற்ற வசதிகள் வரைகிறவர்களுக்குத் தெரிந்தவை. இந்த ஏழு மாதமும் என் நேரத்தைத் தின்றது ஒரே ஒரு வாசல்: வெளியிலிருந்து வருகிற டீடபிள்யூஜி வரைபடம் உள்ளே நுழையும் வாசல்.

முதல் வேலையே அதில்தான் மாட்டியது. நில அளவையாளர் அனுப்பிய கோப்பை உள்ளே எடுத்ததும், வரைபடத்தின் பரப்பு 20 மைலைத் தாண்டுகிறது என்று எச்சரிக்கை வந்தது. 12 பேர்ச் வளவுக்கு 20 மைலா என்று யோசிக்காமல் மூடிவிட்டேன். திரையில் எல்லைக் கோடுகள் பல்லுப் பல்லாகத் தெரிந்தன. கிணற்றின் வட்டம் கோணல்மாணலாக உடைந்திருந்தது. மூலையில் கோட்டைப் பொருத்தினால் பொருந்தவில்லை. "பைல் கரப்ட் ஆகிட்டு காக்கா" என்றார் கூட வேலை செய்யும் தம்பி. நானும் அதையே நம்பினேன். மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கினேன், அதே கோலம். ஓட்டோகேட்டில் ரெக்கவர் போட்டேன், ஆடிட் போட்டேன். பிழை பூச்சியம் என்று வந்தது. இரண்டு நாள் போயிற்று.

கோப்பில் பழுது எதுவும் இருக்கவில்லை. நிலம் தொலைவில் இருந்தது, அவ்வளவுதான். இலங்கையின் 1999ஆம் ஆண்டு ஆள்கூற்று முறையில் பிதுருதலாகல மலைக்கு, கிழக்கு 5 இலட்சம் மீட்டர், வடக்கு 5 இலட்சம் மீட்டர் என்று எண் கொடுத்திருக்கிறார்கள். நாட்டின் எந்த மூலையிலும் எதிர்மறை எண் வராமலிருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்தக் கணக்கின் பூச்சியப் புள்ளி மாலைதீவுக்குக் கிழக்கே நடுக்கடலில் போய் விழுகிறது. அங்கிருந்து எண்ணினால் அட்டாளைச்சேனை கிழக்கே ஏறத்தாழ 6 இலட்சத்து 20 ஆயிரம் மீட்டரிலும், வடக்கே 5 இலட்சத்து 26 ஆயிரம் மீட்டரிலும் வரும். நேர்கோட்டில் 800 கிலோமீட்டருக்கு மேல்.

இனி அந்தப் பல்லுக் கோட்டுக்கு வருவோம். கிராபிக்ஸ் அட்டை பெரும்பாலும் 32 பிட் எண்களில்தான் கணக்குப் பார்க்கும். 6 இலட்சம் மீட்டர் என்ற அளவில் அத்தகைய எண் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 6 சென்டிமீட்டர் இடைவெளி. நடுவில் எந்தப் புள்ளியையும் அதனால் காட்ட முடியாது. 4 அங்குலக் கல் சுவரின் பாதிக்கு மேல் அந்த இடைவெளிக்குள் போய்விடும். கிணற்று வட்டம் உடைந்ததில் வியப்பில்லை.

20 மைலின் காரணம் இன்னும் சின்னது. அந்த வரைபடத்தின் பூச்சியப் புள்ளியில் யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு சிறு கோடு கிடந்தது. நிலம் ஒரு முனை, கோடு மறுமுனை. மையத்தோடு மையம் வைத்து உள்ளே எடுத்தாலும், இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மையமாகிறது. நிலம் 400 கிலோமீட்டர் தள்ளியே நிற்கும். இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஒரு பிரதி எடுத்து, ஓட்டோகேட்டில் சூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்துப் பார்க்கிறேன். திரை வெறுமையாகி இரண்டு மூலையில் இரண்டு புள்ளி மட்டும் தெரிந்தால் நோய் பிடிபட்டுவிடும். தேவையற்றதை அழித்து, பேர்ஜ் செய்து, அலகு மீட்டரா என்று பார்த்த பிறகே ரெவிட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

பலர் செய்யும் சுருக்குவழி எனக்குக் கோபம் வரவைக்கிறது: நிலத்தைத் தூக்கிப் பூச்சியத்தில் வைத்துவிடுவது. கோடு நேராகிவிடும், உண்மைதான். ஆனால் அந்த நிலம் எங்கே இருக்கிறது என்ற செய்தி அத்தோடு தொலைந்துவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தபோது, ஒரு குடும்பம் தன் வளவில் திரும்பக் கட்டலாமா கூடாதா என்பதே அந்த அளவில் தொங்கியது. அந்த விதி பின்னர் தளர்ந்தது. அதைப் பார்த்த ஊரில் இருந்துகொண்டு ஒரு வளவின் ஆள்கூற்றை அழிக்க எனக்குக் கை வராது.

ரெவிட் மீது எனக்கு உண்மையான அன்பு வந்தது இந்த இடத்தில்தான். சுத்தம் செய்த கோப்பை இம்போர்ட் செய்யாமல் லிங்க் செய்து, மையத்தோடு மையம் வைத்து, அக்வையர் கோர்டினேட்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் போதும். வீடு மென்பொருளின் பூச்சியத்துக்கு அருகிலேயே கோடு குலையாமல் நிற்கும். எந்த மூலையைக் கேட்டாலும் நில அளவையாளரின் எண்ணைச் சொல்லும். இவ்வளவு அருமையான ஒன்றை அந்த 20 மைல் எச்சரிக்கை ஒரு வரியில் சுட்டிக்காட்டினால் எத்தனை பேருடைய நாட்கள் மிஞ்சும்!

பழுது போலத் தெரிகிற வேறு இரண்டு சிக்கல்களும் எங்கள் பக்கம் அடிக்கடி வரும். பழைய ஆள்கூற்று முறையில் 5 இலட்சத்துக்குப் பதில் 2 இலட்சம். பழைய பிளானையும் புதியதையும் சேர்த்தால் ஒரே காணி இரண்டு திசையிலும் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் விலகி நிற்கும். மற்றது பாமினி எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வீதியின் பெயரும் காணிக்காரரின் பெயரும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்பி வரும்.

மெய்யாகவே பழுதான கோப்பும் உண்டு. அதை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்தைப் பார்க்கலாம். ஏசி 1032 என்றிருந்தால் 2018 வகை, ஏசி 1027 என்றால் 2013 வகை. அந்த ஆறும் இல்லாவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்வதே வழி.

போன மாதம், அந்த முதல் வேலையைத் தந்த வாப்பா இரண்டாவது மகளுக்கும் வீடு போட வந்தார், பக்கத்துத் துண்டில். அளவையாளரின் புதிய கோப்பைச் சுத்தம் செய்து, பகிர்ந்த ஆள்கூற்றின்படி முதல் வீட்டு மாதிரிக்குள் லிங்க் செய்தேன். இரண்டு வளவுக்கும் பொதுவான மதில் ஒரே கோடாக விழுந்தது.