ஹோமாயின் காமிரா

பத்திரிகைப் புகைப்படக்காரர் பிழைப்பு விநோதமானது. சரித்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். படத்துக்குள் மட்டும் வர முடியாது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா, சேலை கட்டிக்கொண்டு, கனத்த காமிராவோடு டெல்லியில் சைக்கிள் மிதித்தவர்.

நேரு புறா பறக்கவிடும் அவரது படத்தைப் பாருங்கள். இறக்கை விரிந்து பறவை கையைவிட்டு எழும்பும் கணம் அப்படியே சிக்கியிருக்கிறது. சற்றுப் பிந்தியிருந்தால் மிஞ்சுவது வெறும் கைதான். அப்படியொரு படம் விழுந்துவிட்டால் வெயிலில் கால்கடுக்க நின்றதெல்லாம் மறந்துபோகும்.

மனக்குறைகளுக்கும் பஞ்சமில்லை. ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில் வெளியாயின. காந்தி சுடப்பட்ட 1948 ஜனவரி 30 அன்று, அவரது பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவர் வேறு வேலைக்காகத் திரும்பிவிட்டார்; அந்த வருத்தம் கடைசிவரை தீரவில்லை. புதிதாக வந்த புகைப்படக்காரர்களின் நடத்தை பிடிக்காமல் 1970இல் தொழிலையே விட்டார். பத்மவிபூஷண் 2011இல்தான் வந்தது.

நாளைக்குப் பேப்பரைப் புரட்டும்போது, படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.